திங்கட்கிழமை முறை

ஜன்னலைச் சாத்தாதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் காத்து வரட்டும். மூக்குல இன்னும் அந்த பினாயில் வாடை நிக்குது. மத்தியானம் அங்க போய் கொஞ்ச நேரம்தான் இருந்தேன், சட்டையிலயெல்லாம் ஏறிடுச்சு. உங்களுக்கு அடிக்கலையே? அடிக்காது. எனக்குத்தான் இந்த மாதிரி விஷயத்துல மூக்கு ரொம்பக் கூர்மை. என் சம்சாரமே சொல்லுவா, உங்களுக்குப் பக்கத்து வீட்ல பால் பொங்குனாக்கூடத் தெரியும்னு.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே போறீங்க? நானும்தான். அங்கேருந்து உறையூர் போகணும். எங்க போறது, பாலக்கரையில ஏதோ ஊர்வலமாம், கண்டக்டர் கீழ இறங்கி நின்னு பீடி குடிக்கிறான். கருமம்.

பொன்மலை மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய பண்டகசாலைக் கட்டடம் இருக்கு, நீலக் கதவு போட்டு. பாத்திருக்கீங்களா? 'கூடம்'னு பேரு. ஒரு நூறு பேர் உக்காரலாம். நாடகம், பாட்டு, டான்ஸு, சின்னப் பசங்க வரைஞ்ச படம்னு ஏதாச்சும் நடந்துகிட்டே இருக்கும். இன்னைக்கு அங்க என் நாடகம். ஆமா தம்பி, நானே எழுதி, நானே டைரக்‌ஷன் பண்ணி, நானே முக்கியமான வேஷமும் போட வேண்டிய நாடகம். பேங்க்ல மேனேஜரா இருந்தப்பவே எழுத ஆரம்பிச்சது. ரிட்டயர்டு ஆகியும் எழுதினேன். திருத்தித் திருத்தி எழுதினேன். ஊர்ல இருக்கற சபாக்காரன் எல்லார்கிட்டயும் நடந்து செருப்புதான் தேஞ்சுது. கடைசியா இந்த எடத்துல நாள் கெடச்சுது. இந்நேரம் பாதிக்கு மேல முடிஞ்சிருக்கணும். நான் இங்க உங்க பக்கத்துல உக்காந்து பீடிப் புகை குடிச்சுகிட்டிருக்கேன்.

நிறுத்தியிருப்பாங்க. நான் இல்லாம எப்படி நடக்கும்? கூட்டத்தை அனுப்பிச்சிட்டு இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பாங்க. சாத்தட்டும். எனக்கென்ன.

அந்த எடத்தை நடத்தறவங்களைப் பாத்தீங்கன்னா நீங்களே காறித் துப்புவீங்க. நான் யாரையும் கொறச்சுப் பேசறவன் இல்ல. உள்ளதைச் சொல்றேன். மவ்ரீன் டீச்சர்னு ஒரு சட்டைக்காரம்மா, ஆங்கிலோ இந்தியன். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்தவங்க, பியானோ வாசிப்பாங்க. மடியில எப்பவும் ஒரு சொறி நாய். அதைத் தடவின கையாலயே கேக் வெட்டி நம்ம வாய்கிட்ட நீட்டுவாங்க. எனக்கு சுகர்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். சுகரெல்லாம் கிடையாது. அப்புறம் மைக்செட் ஜமாலுதீன். லைட்டு, சவுண்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் தங்கம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ஒத்திகைக்கு நடுவுல மேடையிலயே பொட்டலத்தைப் பிரிச்சு எலும்பை உறிஞ்சுவார் பாருங்க, மைக்கு வேற ஆன்ல இருக்கும். அப்புறம் மேகலை. திருநங்கை. டான்ஸ் சொல்லிக் குடுக்குது. 'குடுக்குது'ன்னு சொல்லக் கூடாதாம், 'குடுக்கறாங்க'ன்னு சொல்லணுமாம், மவ்ரீன் டீச்சர் திருத்துவாங்க. தமிழே ஒழுங்கா வராது அவங்களுக்கு, என் தமிழைத் திருத்தறாங்க. சரி, குடுக்கறாங்க. நான் பாகுபாடு பாக்கறவனே இல்ல தம்பி. மேகலை பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். வீட்டுக்குப் போனதும் குளிச்சேன். அது வேற. அன்னைக்கு நல்ல வெயில்.

இவங்ககூட எதுக்குச் சேந்தேன்னு கேப்பீங்க. நாடகத்துக்காகத்தான். ஒரு படிச்சவன், நாலு பேர் மதிக்கிறவன் கமிட்டியில இருந்தா அந்த எடத்துக்கே ஒரு கௌரவம்னு நெனச்சேன். நானாத்தான் போய், 'என்னையும் சேத்துக்கோங்க'ன்னு கேட்டேன். அவங்களும், 'அதுக்கென்ன சார், திங்கக்கிழமை வாங்க'ன்னாங்க.

திங்கக்கிழமை போனா கையில தொடப்பத்தைக் குடுக்கறாங்க.

சிரிக்காதீங்க. அந்த எடத்துல வேலைக்கு ஆளே கிடையாது. வைக்கவும் மாட்டாங்க. கமிட்டியில இருக்கறவங்க மாத்தி மாத்தி, ஆளுக்கு ஒரு திங்கக்கிழமை, கூடத்தைக் கூட்டித் தொடைக்கணும். பின்னாடி இருக்கற ரெண்டு கக்கூஸையும் கழுவணும். விழா இருந்தா அன்னைக்குக் காலையிலயும் கழுவணும். முறைன்னு சொல்லுவாங்க, கோயில் மண்டகப்படி மாதிரி. யார் கழுவறாங்களோ அவங்கதான் கமிட்டி. பொங்கல் கழிஞ்சு ஒரு கூட்டம் போட்டு அந்த வருஷத்துக்கு யார் யாருக்கு எந்த நாள்னு அவங்கதான் பிரிப்பாங்க. வேற சட்டம், திட்டம், தலைவர், செயலாளர் ஒரு மண்ணும் கிடையாது. மவ்ரீன் டீச்சர் பாவாடையைத் தூக்கிச் செருகிகிட்டு, பாட்டுப் பாடிகிட்டே கக்கூஸ் கழுவினதை இந்தக் கண்ணால பாத்தேன் தம்பி. பெத்த மக கனடாவுல டாக்டர். எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

விழா முடிஞ்ச மறுநாள் அந்தக் கக்கூஸ் எப்படி இருக்கும்னா... வேணாம், விடுங்க. நீங்க இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

நான் என்ன பண்ணேன், எங்க தெருவைக் கூட்டற பூங்காவனத்தைக் கூப்பிட்டேன். 'எனக்கு மூட்டு வலி, டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டார், என் முறை வரும்போதெல்லாம் நீ போயிட்டு வந்துரு'ன்னேன். கையில ஏதோ குடுத்துருவேன். அவளும் சரின்னா. கமிட்டியிலயும் அதையே சொன்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல. ஜமாலு மட்டும், 'மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது சார்'னாரு. எவ்ளோ அக்கறை பாருங்கன்னு அப்ப நெனச்சேன்.

அவ கழுவினா சரி. கழுவிட்டுக் கிளம்பணுமா இல்லையா? கிளம்ப மாட்டா. வாய் நெறைய வெத்தலையை அதக்கிகிட்டு முன் வரிசையில உக்காந்துக்குவா. நாள் கெடைக்கும்னு நம்பி நான் முன்னாடியே ஆரம்பிச்சிருந்த ஒத்திகையைப் பாப்பா. நடுநடுவுல சத்தமாச் சிரிப்பா. மவ்ரீன் டீச்சர் அவளுக்குக் கேக் குடுப்பாங்க. அவ அதை ரெண்டே வாயில போட்டுகிட்டு அந்த நாய்க்கும் ஒரு துண்டு போடுவா. ஒரு நாள் போறேன், பியானோ முன்னாடி உக்காந்து ஒத்த வெரலால சினிமாப் பாட்டு வாசிச்சுகிட்டிருக்கா. டீச்சர் பக்கத்துல நின்னு தாளம் போடறாங்க. கக்கூஸ் கழுவின வெரலு தம்பி அது! 'வேலை முடிஞ்சா கிளம்பு பூங்காவனம்'னேன். 'கிளம்பறேன் சார், இந்த ஒரு பாட்டு'ன்னா.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம் கூட்டம் போட்டாங்க. மேடையில வட்டமா நாலு நாற்காலி. மவ்ரீன் டீச்சர், ஜமாலு, மேகலை உக்காந்தாச்சு. நாலாவதுல நான் போய் உக்காரப் போறேன். டீச்சர் சொல்றாங்க, 'அருணகிரி, அது பூங்காவனம் சேர், மேன்.'

கேலி பண்றாங்கன்னு நெனச்சு நான் சிரிச்சேன். அவங்க யாரும் சிரிக்கல.

'வருஷம் பூரா அவதானே கழுவினா?'ன்னாங்க டீச்சர்.

'நான் அனுப்பிச்ச ஆளுங்க அவ'ன்னேன்.

ஜமாலு தலையைச் சொறியறார். 'அனுப்பிச்சவங்களுக்கு நாற்காலின்னு நம்ம வழக்கத்துல இல்லையே சார். கழுவினவங்களுக்குத்தான். நீங்களும் கூட இருந்து பேசுங்க, அதுக்கு ஒண்ணும் தடை இல்ல.'

உள்நோக்கத்தோட பண்ணாங்கன்னாக்கூட மனசு ஆறும். அதுவும் இல்ல. நெசமாவே அப்படித்தான் நம்பறாங்க! இப்படி ஒரு கூறுகெட்ட கூட்டத்தை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? பின்னாடிலேருந்து பூங்காவனம் வர்றா, ஈரக் கையை முந்தானையில தொடச்சுகிட்டே. நேரா வந்து அந்த நாற்காலியில உக்காந்தா. ஒரு காலை மடக்கி மேல வெச்சுகிட்டா. அப்புறம் என்னைப் பாத்துட்டு சொல்றா, 'சார் நிக்கறாரே, அவருக்கு ஒரு ஸ்டூலாச்சும் போடுங்கக்கா.'

ஸ்டூலு! முப்பது பேரை மேய்ச்ச மேனேஜர் தம்பி நான்.

நாள் பிரிக்க ஆரம்பிச்சாங்க. என் நாடகம் வந்துச்சு. அந்த நாலு பேரும் ஒத்துக்கணும். மூணு பேரும் பூங்காவனம் மூஞ்சியைப் பாக்கறாங்க. அவளுக்குத்தான் நாடகம் தெரியுமாம், வருஷம் பூரா ஒத்திகை பாத்தவளாம். எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. என் நாடகத்துக்கு அனுமதி குடுக்கறது யாரு பாருங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? 'நடக்கட்டும்க்கா. பாவம், எத்தனை வருஷமா எழுதிகிட்டே கெடக்குறாரு.'

பாவமாம். நான் பாவமாம். அன்னைக்கே எந்திரிச்சு வந்திருக்கணும். நாடகத்து மேல உள்ள ஆசை, வாயை மூடிகிட்டு அந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தேன்.

கதை என்னன்னா கேக்கறீங்க? சொல்றேன். கேட்டா நீங்களே அழுதுருவீங்க. தங்கப்பொண்ணுன்னு ஒருத்தி, தெருக் கூட்டறவ. வெயில் தாங்காம ஒரு பேங்க் மேனேஜர் வீட்டு வாசல்ல மயங்கி விழறா. தெருவே கதவைச் சாத்திக்குது. அவர் மட்டும் வெளிய வந்து, அவளைத் தூக்கி, கூட்டிட்டுப் போய் நடுவீட்ல உக்கார வெக்கிறார். ஊரே எதுக்குது. சொந்தக்காரங்க காறித் துப்பறாங்க. அவர் அசரல. கடைசி சீன்ல, எல்லார் முன்னாடியும், 'தங்கப்பொண்ணு, உன் கையால எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடும்மா'ன்னு கேக்கறார். அவ நடுங்கிகிட்டே குடுக்கறா. அவர் வாங்கி மடக்மடக்குன்னு குடிக்கிறார். 'நீங்க மனுஷன் இல்ல சாமி, தெய்வம்'னு கதறிகிட்டு அவ கால்ல விழறா. திரை. சாதின்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லாம சாதியைச் சவுக்கால அடிச்சிருக்கேன். எழுதும்போதே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மேனேஜர் நான்தான். தங்கப்பொண்ணுக்கு ஹேமலதான்னு ஒரு லெக்சரர் பொண்ணைப் பிடிச்சிருந்தேன். என்ன கலர், என்ன படிப்பு! மூஞ்சியில கரியைப் பூசிகிட்டு, பொடவையைக் கிழிச்சுக் கட்டிகிட்டு வந்து நின்னா அச்சு அசலா தெருக் கூட்டறவதான். அந்தப் பொண்ணுக்கு திடீர்னு வேலூர் மாத்தலாயிருச்சு. தவிச்சுப் போயிட்டேன். அப்பத்தான் மேகலை சொல்றாங்க, 'எதுக்கு சார் வெளிய தேடறீங்க, நம்ம பூங்காவனத்துக்கு வசனம் பூரா மனப்பாடம்.'

நான் நிதானமாத்தான் கேட்டேன். 'வசனம் வரும் மேகலை. ஒரு தெருக் கூட்டறவளோட வேதனை இருக்கே, அது இவளுக்கு எப்படி வரும்?'

டீச்சர் நாயைத் தடவிகிட்டிருக்காங்க. ஜமாலுக்கு திடீர்னு இருமல். பதில் சொல்ல முடியல பாருங்க, நியாயமான கேள்வி.

வேற வழியில்லாம ஒத்துக்கிட்டேன். ஒத்திகையில என் உசிரை எடுத்துட்டா தம்பி. அழுங்கறேன், அழ மாட்டேங்கறா. நடுங்குங்கறேன், 'எனக்கு என்ன குளிர் காய்ச்சலா சார்'ங்கறா. கடைசி சீன்ல கால்ல விழணும். கல்லு மாதிரி நிக்கறா.

'எதுக்கு சார் விழணும்?'

'ஒரு பெரிய மனுஷர் உன் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கார்ம்மா.'

'தாகம், குடிச்சாரு. தண்ணி குடுத்தவ நானு. அவருல்ல எனக்கு நன்றி சொல்லணும்?'

ஜமாலு லைட்டை அணைச்சிட்டுச் சிரிக்கிறார். இருட்டுல தெரியாதுன்னு நெனப்பு.

ஒத்திகை பூரா வெறும் டம்ளர்லதான் பண்ணோம். அது நாடக வழக்கம்தான், எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. இன்னைக்கு மத்தியானம் கடைசி ஒத்திகை. வேஷமெல்லாம் போட்டாச்சு. நான் கோட்டு போட்டு நிக்கறேன். கடைசி சீன். 'தண்ணி குடும்மா'ன்னேன். அவ டம்ளரை நீட்டறா. வாங்கிப் பாத்தா உள்ள தண்ணி. நெசத் தண்ணி. தளும்பத் தளும்ப.

காலையில கக்கூஸ் கழுவினது அவதான். இன்னைக்கு அவ முறை. அந்த பினாயில் வாடை டம்ளர்லயே அடிக்குது தம்பி. அடிச்சுது. எனக்கு அடிச்சுது. வாய்கிட்ட கொண்டு போனேன். உதட்டுக்கு அந்தண்டை போகல. இதுல சாதி எங்க வந்துச்சு? சுத்தம் தம்பி, வெறும் சுத்தம். நீங்களா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க. நான் டம்ளரை இறக்கி, 'இவ சோப்புப் போட்டுக் கை கழுவினாளா'ன்னு மேகலைகிட்ட கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். அந்தப் பாழாப்போன மைக்கு ஆன்ல இருந்திருக்கு. கூடம் பூரா கேட்டுச்சு.

சண்டை போடுவான்னு நெனச்சேன். போடட்டும், நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். போடல. கிட்ட வந்து டம்ளரை என் கையிலேருந்து வாங்கிகிட்டா. அந்தத் தண்ணியை அவளே குடிச்சா. குடிச்சிட்டு, 'பரவால்ல சார். சாயந்திரம் வெறும் டம்ளரே குடுக்குறேன். நீங்க குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கிக்குங்க. பாக்குறவங்களுக்குத் தெரியாது'ன்னா.

எனக்கு, அவ, சலுகை பண்றா! எல்லார் முன்னாடியும்! எவ்ளோ திமிர் இருக்கணும்? டீச்சர் என்னைப் பாத்தாங்களே ஒரு பார்வை, அந்தச் சொறி நாயைக்கூட அவங்க அப்படிப் பாத்ததில்ல. தொண்டைக்கு மாத்திரை வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். கோட்டைக் கழட்டி அங்கயே போட்டாச்சு. பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னேன். ரெண்டு மூணு பஸ்ஸை விட்டேன். யாராச்சும் கூப்பிட வருவாங்கன்னு இல்ல. கூட்டமா இருந்துச்சு, அதான்.

ஒரு நிமிஷம் தம்பி. போன் அடிக்குது. ஜமாலு.

ஹலோ. ஆங், சொல்லுங்க. வரமாட்டேன் ஜமால். கூட்டத்துகிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லி... என்னது? யாரு? மேகலையா? என் கோட்டைப் போட்டுகிட்டா? யாரைக் கேட்டு... என்ன, கடைசி சீனா? அதுக்குள்ளயா? இல்ல இல்ல, வெக்காதீங்க. வெக்காதீங்க ஜமால். அப்படியே பிடிங்க.

நடத்திட்டாங்க தம்பி. குடுத்த நாள் குடுத்ததுதானாம், நிறுத்தற வழக்கம் இல்லையாம். என் வேஷத்தை மேகலை போட்டிருக்கு. எழுதினவர் கேக்காமப் போயிறக் கூடாதுன்னு ஜமாலு போனை மேடைகிட்ட நீட்டிகிட்டு நிக்கறார். கொஞ்சம் இருங்க, பேசாதீங்க. அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க டிரைவரை.

'உன் கையால ஒரு டம்ளர்'... ஆங், கேட்டாச்சு. சத்தமே இல்ல. குடிக்கிறாங்க போல. நெசத் தண்ணிதான், மடக்மடக்குன்னு கேக்குது. இப்ப விழணும். விழு. விழுந்து தொலை.

என்ன சொல்றா அவ? 'இன்னும் வேணுமா சார்'ங்கறா. நான் அதை எழுதவே இல்ல. நான் எழுதினது அது இல்ல. சிரிக்கறாங்க. என் நாடகத்துல சிரிக்கறாங்க. இப்ப கை தட்டறாங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க தம்பி, இந்தாங்க, நீங்களே கேளுங்க. பூரா ஜனமும் எந்திரிச்சு நிக்குதாம், ஜமாலு கத்தறார்.

கருமம். என் நாடகத்தையே நாசம் பண்ணிட்டாங்க.

இல்ல, நான் அழல. புகை. தொண்டை வறண்டு போச்சு, அவ்வளவுதான். உங்க பாட்டிலா? குடுங்க, குடுங்க. ரொம்ப நன்றி தம்பி. நல்ல பிள்ளையா இருக்கீங்க, இவ்ளோ நேரம் பொறுமையாக் கேட்டீங்க. பேருகூடக் கேக்கல பாருங்க. நமக்கு எந்த ஊரு? லால்குடி பக்கமா? நல்ல ஊராச்சே, எனக்கு அங்க நெறையப் பேரைத் தெரியும். லால்குடி பக்கம்னா, ஊருக்குள்ளயா, இல்ல... சும்மாதான் கேட்டேன்.

ஓ. அப்படியா.

நல்லது, நல்லது. படிச்சு வேலைக்கு வந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம் தம்பி. நான் அதெல்லாம் பாக்கறவனே இல்ல. இந்தாங்க பாட்டிலு, பிடிங்க. இல்ல, மூடியையே தொறக்கல. எனக்கு இப்ப தாகம் இல்ல.